கத்தி பூட்ட இரண்டு பேர்

ஸ்லிட்டிங் மிஷினில் கத்தி பூட்டுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. அகலமான தகட்டுச் சுருளை நீளவாட்டில் பட்டை பட்டையாக வெட்டும் வட்டக் கத்திகள் அவை. கத்திக்கும் கத்திக்கும் நடுவே இரும்பு வளையம் வைத்து, ஷாஃப்ட் என்கிற நீளத் தண்டில் கோக்க வேண்டும். ஷாஃப்ட் பக்கம் நிற்பவன் வளையத்தில் பொறித்திருக்கும் அளவை உரக்கச் சொல்வான். எதிரே நிற்பவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது உள்ளே போகும். தாம்பரம் பக்கத்துப் பட்டறையில் இதற்கெல்லாம் சட்டமா இருக்கிறது, பழக்கம்தான்.

ஷாஃப்ட் பக்கம் நிற்பவர் கரீம். அவருக்கு எதிரே நின்ற ஆபேல், ஏசி மெக்கானிக் வேலை கிடைத்ததென்று போய்விட்டான். முதலாளி வேறு ஆள் போடவில்லை. "நீ கீறப்ப எனக்கு இன்னா கவலை?" என்று கரீமின் தோளில் தட்டினார். தட்டிக்கொடுக்கக் காசா பணமா? கரீம் தானே அளவைச் சொன்னார், தானே "சரி" என்றும் சொல்லிக்கொண்டார். தன்னையே கேட்டுக்கொள்கிற மனுஷன் என்றைக்காவது "தப்பு" என்று பதில் சொல்லியிருக்கிறானா?

சனிக்கிழமை மிஷினை ஓட்டியபோது பாதிப் பட்டைகள் ஓரத்தில் பிசிறோடு வந்தன. விரலை வைத்தால் கிழித்துவிடும். திங்கட்கிழமை சரக்கு போயாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கரீம் பட்டறையைத் திறந்தார். முடிச்சூர் வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்யப்போகிறார்? மகள் ஆஃபியாவுக்குக் குழந்தை பிறந்ததும் நாவலூருக்குப் போன மனைவி ஜெய்னப், நாற்பது நாளில் வருவதாகத்தான் சொன்னாள். மாதங்கள் ஓடிவிட்டன. தினமும் போனில், "நான் வரட்டுமா?" என்று கேட்பாள். "எனக்கு இன்னா கொற? நல்லாத்தான் கீறேன்" என்பார் இவர். போனை வைத்த கையோடு, மனுஷக் குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுக்கொண்டு பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிடுவார். நாவலூர் என்ன துபாயா? இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். போன இடத்தில் அழுதுவிடுவோமோ என்று பயம். அவள் திரும்பி வர வேண்டும், அதுவும் இவர் கேட்காமலே வர வேண்டும். வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா?

பேரிங்கை ஆட்டிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. கத்தி முனைகளை நகத்தால் தடவினார், ஒன்றும் மழுங்கவில்லை. அப்படியானால் கோளாறு கோத்ததில்தான். எல்லாவற்றையும் உருவிப் போட்டார். மறுபடி தனியாகக் கோத்தால் மறுபடி அதே "சரி" தான் வரும். வேறு வழியில்லாமல் ஜெய்னப்புக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இன்னாங்க, இந்த நேரத்துல? ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒன்னுமில்ல. நான் ஒரு அளவு சொல்வேன், நீ திருப்பிச் சொல்லு. முப்பது, அம்பது புள்ளி ரெண்டு. இந்த ரெண்டுதான் மாத்தி மாத்தி வரணும். வேற வந்தா நிறுத்து."

ஜெய்னப் சிரித்தாள். "எனக்கு இன்னா தெரியும்?"

"காது கீதுல்ல, போதும்."

"முப்பது" என்றார். "முப்பது" என்றாள். "அம்பது புள்ளி ரெண்டு." "அம்பது புள்ளி ரெண்டு." பட்டறை முழுக்க அவள் குரல். கரீமுக்குக் கை லேசானது. வேண்டுமென்றே மெதுவாகக் கோத்தார்.

"அம்பது புள்ளி ஒன்னு அஞ்சு."

"இருங்க, இருங்க. இது வேறயா கீதே?"

வளையத்தைத் துடைத்துப் பார்த்தார். மெல்லிய தகட்டுக்கு வைக்கிற வளையம், இந்த செட்டில் கலந்திருந்தது. மில்லிமீட்டரில் அந்தப் பொடி வித்தியாசம்தான் அதற்கப்புறம் இருந்த கத்திகளையெல்லாம் நகர்த்தியிருக்கிறது. சரியான வளையத்தைத் தேடிப் போட்டார். கடைசி நட்டை முடுக்கியதும் இனி போனுக்கு வேலையில்லை என்று புரிந்தது.

"ஜெய்னப், நீ வந்துடு. நான் நல்லால்ல. இத்தினி நாளா பொய் சொன்னேன். அந்த வூட்டுக்குள்ள நொழையவே புடிக்கல."

"நேத்துதாங்க ஆஃபியா கேட்டா. கொழந்த ஸ்கூலுக்குப் போற வரைக்கும் இருக்கேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அத நம்பி அவ நாளைக்கு ஆபீஸ் போறா." அவள் குரல் உடைந்தது. "தெனம் கேட்டேனே. ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

குழந்தை வீறிட்டது. "வெச்சுடாதீங்க, வந்துர்றேன்" என்று அவள் போனை எங்கோ போட்டுவிட்டு ஓடினாள். தூரத்தில் தாலாட்டு கேட்டது. கரீம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அழுகை அடங்கியது, பாட்டும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, அதே தூரத்தில் ஜெய்னப் விம்முவது கேட்டது.

"அழாத" என்றார். "அழாத புள்ள, நான் அங்க வரேன்."

போன் அவள் பக்கத்தில் இல்லை. அவர் சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.