ஆறு வயதுக்குள்

“அஞ்சுதானுங்க, நான் சொல்றனல்லங்க...”

“சார், நீங்க சொன்னதையும் கேட்டுட்டேன், பாப்பாவையும் பாத்துட்டேன்...”

“பாத்தா என்னங்க? எங்க ஊட்டுல எல்லாருமே ஒசரமுங்க!”

“ஒசரம் வேற, வயசு வேற சார். ஆறு வயசுக்குள்ளன்னா ரெண்டு புள்ளைங்க வரைக்கும் அப்பா அம்மாகூட டபுள் கட்டில் ரூம்ல விடுவோம். ஆறு தாண்டுனா அது மூணாவது ஆள். அந்த ரூம்ல மூணு ஆளுக்கு இடமில்ல. கீழ பாய் விரிக்கக்கூட எடம் கிடையாது. சொவத்துல எழுதி ஒட்டியிருக்கே, படிக்கலியா?”

சூரமங்கலத்தில், சேலம் ஜங்ஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த விடுதி. மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. மேலாளர் சேவியர்ராஜ் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எதிரே நின்றவன் தமிழரசு. திருச்செங்கோட்டுக்காரன். போர்க் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போய், மூன்று வருஷம் கழித்து அன்று காலையில்தான் ரயிலில் வந்து இறங்கியிருந்தான். அவனுடைய பெரிய பெட்டி காலடியில் நின்றது.

பின்னால் சோபாவில் மைதிலி உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னவன் கலையரசன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் வயிற்றில் இருக்கும்போது தமிழரசு கையாட்டிவிட்டுப் போனவன். பக்கத்தில் மூத்தவள் தனப்பிரியா, இரட்டைச் சடை போட்டுக்கொண்டு. மூவரும் தம்மம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். தமிழரசு போன பிறகு மைதிலி மாமியார் வீட்டில் ஒரு வருஷம்தான் தாக்குப்பிடித்தாள். அப்புறம் அப்பா வீடுதான். தமிழரசு போனில் அழைத்துக்கொண்டே இருந்தான். போன வாரம்தான் அவள் ஒரு வழியாக இறங்கி வந்தாள்.

“ரெண்டு நாள் சேலத்துல தங்குவோம். உங்க அம்மாவும் வேணாம், எங்கப்பாவும் வேணாம். புள்ளைங்க உங்களோட ஒட்டுச்சுங்கன்னா அப்படியே திருச்செங்கோட்டுக்கு வர்றேன். இல்லேன்னா நான் வந்த பஸ்ஸுலயே திரும்பிடுவேன்.”

அதற்கு அவன் சரி என்றிருந்தான். இன்று காலை ஜங்ஷனில் பார்த்ததும் பெட்டியைத் தட்டிக் காட்டி, “நேத்து சென்னையில எறங்குனதும் மொத வேலையா உங்களுக்குத்தான் துணி எடுத்தேன்” என்றான். தனப்பிரியா அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

“சரி, சின்னவனுக்கு எத்தனை?” என்றார் சேவியர்ராஜ்.

“ரெண்டரை முடிஞ்சு பதினோரு நாளுங்க.”

“அடேங்கப்பா. நாள் கணக்கா? அப்ப பெரியவளுக்கு எத்தனை நாள்?”

“அஞ்சுங்க.”

“வெறும் அஞ்சா?”

“வெறும் அஞ்சுங்க.”

“சார், இந்த மேஜைக்கு முன்னாடி வந்து நின்னா எல்லாப் புள்ளைக்கும் அஞ்சு வயசுதான். போன மாசம் ஒரு பையன் வந்தான். மீசை அரும்பியிருக்கு. அவனுக்கும் அஞ்சுதான்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“மீசைக்காரனோட எம்புள்ளையச் சேத்தாதீங்க. சாமி சத்தியமா அஞ்சுங்க!”

மைதிலி தலை நிமிர்ந்தாள். சின்னப் பொய்க்கெல்லாம் சாமியை இழுக்கிற ஆள் இல்லை அவன். அவளுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. ‘இல்லீங்க, எட்டு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் சொல்லவில்லை. அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

சேவியர்ராஜ் மேஜையைச் சுற்றி வந்து குனிந்தார். “பாப்பா, நீங்க எந்த கிளாஸ்?”

தனப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

“மூணாவது. பி செக்‌ஷன்.”

“வயசு?”

“எட்டு. மாசி மாசத்துலயே முடிஞ்சிருச்சு.”

“பாத்தீங்களா சார், அஞ்சு வயசுலயே மூணாவது! டபுள் புரமோஷன் வாங்குன புள்ளை போலருக்கு.”

தமிழரசு திரும்பி மகளைப் பார்த்தான். சடையைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். அவன் கை, கால்சட்டைப் பையோரம், ஒவ்வொரு விரலாக மடங்கியது. மூன்றாவது விரல் மடங்கியதும் நின்றது. சட்டென்று சிரித்தான்.

“மாட்டிக்கிட்டனுங்க. பொய்தான் சொன்னேன். ஒரே கட்டில்ல எல்லாரும் படுத்துக்கலாம்னு பாத்தேன்.”

“அப்படி வாங்க வழிக்கு. இதுக்குப் போய் சாமியெல்லாம் எதுக்கு சார்?” சேவியர்ராஜுக்கு உற்சாகமாகிவிட்டது. “மூணாவது மாடியில பெரிய ரூம் ஒண்ணு இருக்கு, ரெண்டு கட்டில். இல்லேன்னா எதிரெதிர்ல ரெண்டு ரூம் தர்றேன். அம்மா ஒரு புள்ளையோட, நீங்க ஒரு புள்ளையோட. எது?”

“பிரிக்காதீங்க. ஒண்ணாவே இருக்கோணும்.”

லிஃப்ட் ஓடவில்லை. தனப்பிரியா சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறிப் போனாள். மைதிலி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். தமிழரசு பெட்டியை ஒவ்வொரு படியிலும் இடித்து இடித்துத் தூக்கினான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் கேட்டாள்.

“பொய்யா சொன்னீங்க?”

“ஆமா.”

“சத்தியம் வேற பண்ணீங்க.”

“அந்தாளு நெம்பப் பேசுனான். வாயில வந்துருச்சு.”

“பொய்யின்னா பரவால்ல.”

“என்ன?”

“பொய்யின்னா பரவால்லன்னு சொன்னேன். எல்லா அப்பனும் சொல்றதுதானே. எங்கப்பா என்னைப் பத்து வயசு வரைக்கும் அரை டிக்கெட்டுகூட எடுக்காம கூட்டிட்டுப் போனாரு. கண்டக்டர் வந்தா, குனிஞ்சு உக்காரு புள்ளன்னு தலையை அமுக்குவாரு.”

“மாமனாரா? அவரா?”

“அவரேதான். உங்களைப் பாத்தா நாயம் பேசுவாரே, அவரேதான்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. தமிழரசு பெட்டியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு மிச்சப் படிகளை வேகமாக ஏறினான்.

அறையில் இரண்டு கட்டில்கள் தள்ளித் தள்ளிக் கிடந்தன. நடுவில் ஒரு குட்டி மேஜை. ஜன்னலுக்கு வெளியே ரயில்வே குடியிருப்புகளின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மைதிலி சின்னவனைச் சுவரோரக் கட்டிலில் கிடத்தினாள்.

“ரெண்டையும் சேத்துப் போட்டுரலாம். நாலு பேரும் வரிசையா படுத்துக்கலாம்” என்று தமிழரசு கட்டில் காலைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. கால்களைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். குனிந்து பார்த்துவிட்டு, “ஸ்பேனர் இருந்தா கழட்டிருவேன்” என்றான்.

“வேண்டாம்ப்பா. நான் அம்மா பக்கத்துல படுத்துக்கறேன்” என்றாள் தனப்பிரியா.

“அப்பாகிட்டப் படுக்க மாட்டியா சாமி?”

“தம்பி படுத்துக்கட்டும்.”

“நீயெல்லாம் என் நெஞ்சு மேலதான் தூங்குவ. தெரியுமா? கீழ போட்டா முழிச்சுக்குவ.”

“அப்ப நான் சின்னப் புள்ளை.”

“இப்ப?”

“இப்பத்தான் சொன்னனே, எட்டு.”

தமிழரசு குளியலறைக்குள் போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

மைதிலி தன் பையைத் திறந்து, இரண்டு சேலைகளையும் பிள்ளைகளின் துணிகளையும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே மகளிடம், “அப்படியெல்லாம் வெடுக்குன்னு பேசாத கண்ணு. புதுசுல்ல. ரெண்டு நாள்ல பழகிடும்” என்றாள். இரண்டு நாள் என்று சொல்லும்போது அவள் மனசுக்குள் திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடம் ஒன்று வந்து போனது. டிசி வாங்க வேண்டும். புரட்டாசி லீவு முடிவதற்குள் வாங்கிவிடலாம்.

“மைதிலி!” உள்ளேயிருந்து குரல் வந்தது. “துண்டு மேலாப்புல இருக்கும் பாரு, எடு.”

அவள் அவன் பெட்டியைத் திறந்தாள். மேலாகத் துண்டு இருந்தது. அதற்கடியில் சென்னைக் கடைப் பைகள். ஒன்றில் அவளுக்குச் சேலை. ஒன்றில் சின்னவனுக்கு டிரவுசரும் சட்டையும். கையால் அளந்து பார்த்தாள், கச்சிதமாக இருக்கும் போலிருந்தது. இன்னொன்றில் மஞ்சள் கவுன். நெஞ்சில் யானைக்குட்டி தைத்து, தோளில் வலைத்துணி வைத்தது. கழுத்துப் பட்டையில் தொங்கிய அட்டையைத் திருப்பினாள்.

வயது ஐந்து என்று போட்டிருந்தது.

அட்டையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தாள். கவுனை மடித்துத் துண்டுக்கு அடியில் தள்ளுவதற்குள் தனப்பிரியா வந்து உருவிக்கொண்டாள்.

“யானை! அம்மா, யானை!”

“வெச்சிரு கண்ணு. அப்பா வந்து எடுத்துக் குடுப்பாரு.”

தனப்பிரியா அதற்குள் கவுனைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவுனின் தோள் அவளுடைய தோளை எட்டாமல் கழுத்தோரமே நின்றுவிட்டது. ஓரம் இடுப்புக்குக் கீழே கொஞ்சம்தான் இறங்கியது. குனிந்து அதை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

மைதிலி அலமாரிக்குப் போனாள். சற்று முன் அடுக்கிய சேலைகளை எடுத்தாள். பிள்ளைகளின் துணிகளையும் எடுத்தாள். பைக்குள் வைத்து, ஜிப்பைக் கடைசி வரை இழுத்தாள்.

குளியலறைக் கதவு திறந்தது. தமிழரசு முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். துண்டுக்காக நீட்டிய கை அப்படியே நின்றது. மைதிலி அவனைப் பார்க்கவில்லை.

தனப்பிரியா கவுனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அப்பா, இது யாருக்கு வாங்குனது?”