எடுத்து வைத்த நூல்

"இன்னிக்கு ஒரு நாள் நீங்க போய்க் கடையைத் திறக்கிறீங்களா?" என்று அவர் மனைவி கேட்டபோது, அவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்திருந்தார். வாஷர் தேய்ந்து மூன்று நாளாகக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்பானரை விட்டால் மறுபடி பிடி கிடைக்காது. அங்கிருந்து அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் ஷூ இருந்தது. மற்றொன்றில் காலுறை மட்டும்.

"ஏன், உனக்கு என்ன?"

"நெஞ்சு ஒரு மாதிரி பிசையுது. நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலை போல."

கடை திறந்த ஏழு வாரமாக அவரை அங்கே வரவழைக்க அவள் சொல்லாத சாக்கு இல்லை. ஏணி ஆடுகிறது என்பாள், பெட்டியைத் தூக்க முடியவில்லை என்பாள். இதையும் அந்தக் கணக்கில்தான் அவர் சேர்த்தார்.

"உன் மியூசியம். நீயே பாத்துக்கோ."

அந்தக் கால்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது ஷூவையும் போட்டாள். பிறகு வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குழாய் சரியாகிவிட்டது. ஒரு சொட்டு இல்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மியூசியம் என்பது அந்தக் கடைக்கு அவர் வைத்த பெயர். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம், பெரிய நகரத்து லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இந்தச் சின்ன ஊருக்குக் குடிவந்த பிறகு, செருப்புத் தைப்பவர் காலி செய்த ஒற்றை அறையைப் பிடித்து அவள் கம்பளி நூல் விற்கப்போவதாகச் சொன்னபோது அவர் சிரித்தார். இந்த ஊரில் பின்னத் தெரிந்தவர்களைவிட நாய்கள் அதிகம், நீ பேசுவது அந்த நாய்களுக்குக்கூடப் புரியாது என்றார். சரி, நாய்க்கும் ஒரு ஸ்வெட்டர் போட்டுவிடுகிறேன் என்றாள். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. அவள் கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சும்மா பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாரம் மழைக்கு ஒதுங்கிய ஒருத்தி உள்ளே வந்தாள். பிறகு அவள் சொல்லி இன்னொருத்தி.

அவர் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காததற்கு வேறொரு காரணம் இருந்தது. கடை திறப்பதற்கு முந்தின வாரம், சரக்கெல்லாம் வீட்டு முன்னறையில் கிடந்தபோது, அவளுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று அவர் நீல நூலையெல்லாம் பிரித்து அழகாக அடுக்கினார். நூல்கண்டுகளைச் சுற்றியிருந்த தாள் பட்டைகள் பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பையில் போட்டார். எந்தச் சாயத்தொட்டியில் நனைத்த நூல் என்ற எண் அந்தப் பட்டையில்தான் இருக்கும். ஒரே நீலம்தான், ஆனால் வேறு வேறு தொட்டியில் நனைந்த இரண்டு கண்டைச் சேர்த்துப் பின்னினால், உடுத்தி வெளியே போனதும் வெயிலில் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு விழும். அவள் நான்கு நாள் ஜன்னலடியில் உட்கார்ந்து, கண்டுகளைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பிரித்தெடுத்தாள். திட்டவில்லை. ஆனால் மகளிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "லேத்துல தலைமுடி கனத்தை அளந்து கடைஞ்ச மனுஷன்டி. கண்ணு முன்னாடி இருக்கிற நீலம் தெரியலை." அந்தச் சிரிப்பு அவருக்குச் செரிக்கவில்லை.

பத்தரை மணிக்குப் போன் வந்தது. பேசியது யாரோ. அவருக்குப் புரிந்தது மருத்துவமனை என்ற சொல் மட்டும். அவர் போய்ச் சேர்ந்தபோது அவளை ஒரு சின்ன அறையில் படுக்கவைத்து, கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்திருந்தார்கள்.

மகள் மூன்று மணி நேரம் ரயிலில் வந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"காலைல அம்மா எதாவது சொன்னாங்களாப்பா? உடம்பு முடியலைன்னு?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

அது யோசிக்காமல் வந்த பதில். இரண்டாம் முறை கேட்டிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பாரோ என்னவோ. அவள் கேட்கவில்லை. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அதான் நானும் நினைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?"

அவர் எதிர்ச்சுவரில் இருந்த கைகழுவும் முறையைப் பற்றிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு நாளும் மகள் இதையே எல்லாரிடமும் சொன்னாள். போனில் சித்தப்பாவிடமும், பெரியம்மா மகளிடமும், தன் கணவனிடமும் அதைத்தான் சொன்னாள். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை, அப்பாவுக்குத் தெரிய வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் குரல் கொஞ்சம் நிதானப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. இனி உண்மையைச் சொல்வதென்றால் அதையும் அவள் கையிலிருந்து பிடுங்க வேண்டும். தகனத்தன்று வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனபோது இரண்டு முறை வாயைத் திறந்தார். ஒரு முறை தண்ணீர் கேட்டார். இன்னொரு முறை ஜன்னலை ஏற்றச் சொன்னார்.

மூன்றாம் நாள் முன்மதியம் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். கடையை என்ன செய்வது என்று பார்த்துவிடலாம் என்றாள் மகள். பூட்டிய கதவுக்கு முன்னால் உயரமான ஒரு கிழவி துணிப்பையோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், அதற்கே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்த மாதிரி இருந்தது.

"இவங்கதாம்பா அன்னிக்குக் கடையில இருந்தவங்க" என்றாள் மகள். "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது இவங்கதான்."

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கிழவி சொல்லச் சொல்ல மகள் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னாள்.

"பத்து மணிக்கு அம்மா கதவைத் திறந்தாங்களாம். இவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாங்களாம்."

கிழவி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மா முகமெல்லாம் வேர்த்திருந்துச்சாம். டாக்டரைக் கூப்பிடவான்னு இவங்க கேட்டிருக்காங்க. வேண்டாம்னு அம்மா சிரிச்சாங்களாம்."

கிழவி பேசிக்கொண்டே போனாள். இந்த முறை நிறைய பேசினாள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள். அவர்கள் வீடு இருக்கும் திசையில் விரலை நீட்டினாள். அவரைப் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் இந்த ஊர்ப் பாஷையில் கற்றுக்கொண்டது பட்டறைச் சாமான்களின் பெயர்களும், வந்த புதிதில் நிரப்பிய படிவங்களில் இருந்த சொற்களும்தான். பெயர், பிறந்த தேதி, கணவர், மனைவி, ஆம், இல்லை. கிழவி சொன்னதில் கணவர் என்ற சொல் இரண்டு முறை வந்தது. இரண்டாம் முறை அதை ஒட்டியே 'இல்லை' என்ற சொல்லும் வந்தது.

கிழவி நிறுத்தினாள். மகள் மேஜையில் கிடந்த ஒரு நூல் துணுக்கை எடுத்து விரலில் சுற்றினாள். சுற்றியதைப் பிரித்தாள்.

"அப்புறம் அம்மா அப்படியே உக்காந்துட்டாங்களாம்" என்றாள்.

"அவ்வளவுதான் சொன்னாங்களா?"

"அவ்வளவுதாம்பா."

கிழவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தமிழ் இத்தனை சிக்கனமான பாஷையா என்று நினைத்திருப்பாள்.

எனக்குப் புரிந்தது என்று சொல்ல அவருக்கு அப்போது ஒரு மூச்சு நேரம் இருந்தது. மகள் தலை நிமிரவில்லை. காதோரம் சிவந்திருந்தது. அவள் அம்மாவுக்கும் அப்படித்தான் சிவக்கும்.

"அவங்க எதுக்கு வந்தாங்கன்னு கேளும்மா" என்றார்.

கிழவி துணிப்பையிலிருந்து பாதி முடிந்த ஒரு ஸ்வெட்டரை எடுத்தாள். நீலம். ஒரு கை முழுசாக இருந்தது, இன்னொன்று முழங்கையோடு நின்றிருந்தது. மூன்று கண்டு வேண்டும். எடுத்து வைத்திருப்பதாக அம்மா சொன்னாராம்.

பின்சுவர் அலமாரியில் முடிச்சுப் போட்ட பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் குத்தியிருந்தது. மகள் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் படித்தார். இந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவர் மனைவி தனக்குத் தோன்றியபடி எழுதி வைத்திருந்தாள். நாய்க்காரி. ரெட்டைப் பேரன். அவசரம். தொட்டுட்டுப் போறவ. நீல நூல் இருந்த பைகள் இரண்டு. ஒன்றில் பூனைநடை என்று இருந்தது. இன்னொன்றில் இடிமுழக்கம்.

அவர் இடிமுழக்கத்தை எடுத்து நீட்டினார். கிழவி ஒரு கண்டை ஸ்வெட்டரோடு சேர்த்து ஜன்னலில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு சீட்டைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"என்ன எழுதியிருக்குன்னு கேக்கிறாங்கப்பா."

"அவங்க பேருதான்."

மகள் அப்படியே சொன்னாள். கிழவி சீட்டைக் கழற்றி, மடித்து, தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

கிழவி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். தெருவில் யாரோ நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் யாராவது வருவாங்கல்ல, இதுக்கெல்லாம்" என்றாள் மகள், அலமாரியைப் பார்த்து.

"வருவாங்க."

"உங்களாலதான் படிக்க முடியும்."

"ஆமா."

"நான் வேணா ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கேன்பா. பேசறதுக்கு."

அவர் சரி என்று தலையாட்டினார். உள்ளே புழுக்கமாக இருந்தது. கோட்டைக் கழற்றிக்கொண்டு, எங்கே வைப்பது என்று பார்த்தார். கதவுக்குப் பின்னால் சுவரில் அவர் மனைவி இரண்டு ஆணி அடித்திருந்தாள். ஒன்று அவளுடைய தோள் உயரத்தில் இருந்தது. அதில் அவள் கடையில் போட்டுக்கொள்ளும் மேலங்கி தொங்கியது. மற்றொன்று அதற்கு ஒரு சாண் மேலே, சரியாக அவருடைய தோள் உயரத்தில் இருந்தது. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.