அவசரக் கதவுக்கு முன்னால்

பெட்டி உள்ளே போய்விட்டது. கதவைத்தான் காணோம்.

கெலேபி அந்தச் சிறிய விமானத்தின் பின்வாசலில் முழங்காலிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். வலப்பக்கம் நடுவில் இருந்தாக வேண்டிய அவசரக் கதவும் அதன் சிவப்புக் கைப்பிடியும், கைப்பிடியை எப்படித் திருப்புவது என்று காட்டும் அம்புக்குறிப் படமும் மினுமினுக்கும் பழுப்பு மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தன. 'வெளியேறும் வழி' என்ற எழுத்துகள் மட்டும் சவப்பெட்டியின் மூடிக்கு மேலே, யாரோ குறும்புக்கு எழுதி வைத்ததுபோல் ஒளிர்ந்துகொண்டிருந்தன. வேறு நாளாக இருந்தால் கெலேபியே அதற்கு ஒரு ஜோக் சொல்லியிருப்பான். இப்போதும் ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. பெட்டிக்குள் படுத்திருந்தவன் அவன் அக்கா மகன் லிசியாத்தே என்பதால் அங்கேயே நின்றுவிட்டது.

இந்த விமானத்தின் கதவுகளுக்கு இருபது வருஷமாக கெலேபிதான் பொறுப்பு. ஊரில் அவனுக்குக் 'கதவு' என்றே பெயர். அவன் உடம்பின் அகலத்தைப் பார்த்து வைத்தது என்று சொல்பவர்களும் உண்டு. வாரம் தவறாமல் அவசரக் கதவின் கைப்பிடியைத் திருப்பி, கதவை முழுசாகக் கழற்றிக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொள்வான். சுற்றியிருக்கும் ரப்பரில் கடல்காற்று படியவிட்ட உப்பைத் துணியால் துடைப்பான். விட்டால் அது பசைபோல் பிடித்துக்கொள்ளும். உயிருக்குப் பயந்து ஒரு ஆள் தள்ளும்போது திறக்காது. கடைசியில் அந்த ஓட்டை வழியாகத் தானே வெளியே இறங்குவான். விதிப்புத்தகத்தில் இந்தச் சோதனை இல்லை. "நான் இதுல நுழைஞ்சு போயிட்டா டோங்காவுல எல்லாரும் போகலாம்" என்பது கெலேபி சேர்த்த விதி. ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிறகு இடுப்போடு மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் தொங்கியதை அவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

அவனுடைய தினசரிச் சண்டை ஆட்களோடுதான். அவசரக் கதவுக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கும். காலி இடத்தைப் பார்த்தால் பை வைக்காமல் இருக்க மனுஷனால் முடியுமா? கூடை, பாய்ச்சுருள், ஒருமுறை உயிருள்ள பன்றிக்குட்டி. "அம்மா, விமானம் கடல்ல இறங்குச்சுன்னா முதல்ல வெளிய போகவேண்டியது நீங்களா, உங்க சேப்பங்கிழங்கா?" என்று ஒரு கிழவியிடம் கேட்டான். "கிழங்குதான். எனக்கு நீச்சல் தெரியும்" என்றாள் அவள். விமானமே சிரித்தது. சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கி வெளியே வைத்தான். கதவு எவ்வளவு நன்றாகத் திறந்தாலும் முன்னால் ஒரு கூடை இருந்தால் அது திறக்காத கதவுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கெலேபியிடம் விளையாட்டு கிடையாது.

லிசியாத்தே நியூசிலாந்துத் தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கப் போனவன். டிராக்டர் கவிழ்ந்துவிட்டது. கூட வேலை பார்த்த பையன்கள் கையில் இருந்ததையெல்லாம் போட்டு, கடையிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். நம் ஆள் சின்னப் பெட்டியில் ஊர் திரும்பக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். உள்ளே வெள்ளைப் பட்டு, வெளியே இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் பித்தளைப் பிடிகள். அதை விமானத்துக்குள் நுழைக்க கெலேபி வெளி மரக்கூட்டை ரம்பத்தால் அறுத்து எடுத்தான். பிடிகளைக் கழற்றினான். பெட்டியைச் சாய்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்து, யோசித்ததற்காகவே தலையில் அடித்துக்கொண்டான். தரையில் வார் மாட்டும் வளையங்கள் இருக்கிற இடத்தில்தான் பெட்டி இருக்க முடியும். அங்கே வைத்தால் அதன் கால்மாடு பின்வாசலை அடைத்தது, நடு உடம்பு அவசரக் கதவை அடைத்தது. முன்னால் இரண்டு இருக்கைகள் மிஞ்சின. அவற்றில் உட்காருகிறவருக்கு, விமானியின் இருக்கைமேல் ஏறித் தாண்டினாலொழிய, வெளியே வர வழியே இல்லை.

அதாவது, பெட்டி போகலாம். அதோடு பயணி யாரும் போக முடியாது.

அன்று சனிக்கிழமை. பெட்டி போக வேண்டிய ஹாபாய் தீவின் ஓடுதளத்தில் விளக்கு கிடையாது. பொழுது சாய்வதற்குள் ஒரு நடைதான். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் விமானம் பறக்காது, கடை திறக்காது, நாய்கூட மெதுவாகத்தான் குரைக்கும். இன்றைக்கு ஏறாவிட்டால் அக்கா லோசலினே திங்கட்கிழமைதான் போக முடியும். அங்கே இன்று ராத்திரியே மகனைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்கள். பெற்றவள் மட்டும் இருக்க மாட்டாள்.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டும். கெலேபிக்குத் தெரிந்த உலகத்தில் இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. இந்தத் தீவுகளின் வழக்கப்படி, மீசை அரும்பிய நாளிலிருந்து அக்கா இருக்கிற அறையில் அவன் உட்கார்ந்ததில்லை. ரேடியோவில் யாராவது கொஞ்சம் பச்சையாகப் பேசினால், அவள் காதில் விழுமே என்று எழுந்து வெளியே போய்விடுவான். ஊரையே சிரிக்க வைக்கிறவனின் ஒரு ஜோக்கைக்கூட லோசலினே கேட்டதில்லை. அக்கா கேட்டால் தம்பி கொடுப்பான், அக்கா பிள்ளை கேட்காமலேயே எடுத்துக்கொள்வான். லிசியாத்தே ஆறு வயதில் வந்து, "மாமா, இது எனக்கு" என்று அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனான். அப்புறம் கிதார், அப்புறம் சினைப்பன்றி. கடைசியாக நியூசிலாந்து புறப்படும்போது கெலேபியின் புது பூட்ஸ். "கொள்ளைக்காரா!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்திவிட்டு, "பாருங்கடா, எம் பூட்ஸ் வெளிநாடு போகுது" என்று பெருமையடித்தது இதே கெலேபிதான். அந்த வீட்டுக்கு அவன் 'இல்லை' என்ற சொல்லைச் சொன்னதே கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து அதைத் தூக்குவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

எனவே பெண்டாட்டியை அனுப்பினான்.

"லூபே, நீ போய்ச் சொல்லிரு. இன்னைக்கு அக்கா ஏற முடியாதுன்னு."

"நானா? உங்க அக்கா முகத்தப் பாத்து 'இல்ல'ன்னு சொல்ல நான் என்ன வெள்ளைக்காரியா?"

"நான் எப்படிச் சொல்லுவேன்?"

"சந்தையில நின்னு வாய் ஓயாமப் பேசுறீங்கல்ல? அந்த வாயாலதான்."

ஆனாலும் போனாள். அவன் வார்களை இறுக்கி முடிப்பதற்குள் திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்ன?"

லூபே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "கெலேபி பாத்துக்கிட்டு இருக்காருன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! பாத்துக்கிட்டு இருக்கேன்னா ஏற்பாடு நடக்குதுன்னுல்ல அர்த்தம்?"

"வேற எப்படிங்க சொல்றது? அந்தக் கண்ணப் பாத்துட்டு நீங்க சொல்லுங்க பாப்போம்."

அவளைத் திட்டவும் முடியவில்லை. இந்தத் தீவுகளில் ஒருவருக்கு 'இல்லை' சொல்வது அப்படித்தான். பார்க்கலாம் என்பார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போவார். மகனைப் பறிகொடுத்தவளுக்கு அப்படிப் புரிந்துகொள்ளும் சக்தி எங்கே இருக்கும்?

பின்வாசலில் இவர்கள் பேசி முடிப்பதற்குள் காரியம் நடந்துவிட்டிருந்தது. தம்பி ஏற்பாடு செய்துவிட்டான் என்று லோசலினே நேராக விமானத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். விமானி கிரகாம் தன் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, சுமை தூக்குகிற இரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டு, தன் இருக்கைக்கு மேலாக அவளை ஏற்றி உள்ளே இறக்கிவிட்டிருந்தார். மூன்று ஆண்களுக்கும் வியர்த்துக் கொட்டியது.

"கிரகாம், அந்தப் பொட்டிக்கு முன்னால ஆள் உக்காரக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும்பா. நாப்பது நிமிஷம்தானே. வானம் கண்ணாடி மாதிரி இருக்கு. கிளம்பலாம்னு நீ கையெழுத்துப் போடு, நான் திரும்பிப் பாக்காம ஓட்டிட்டுப் போறேன். உன் அக்காய்யா அது."

நல்ல மனுஷன். அதுதான் தொந்தரவு. கெட்டவன் சொல்லியிருந்தால் கெலேபி சுலபமாக மறுத்திருப்பான். சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நாற்பது நிமிஷம். யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா சந்தோஷப்படுவாள் என்றுகூட இல்லை, அழுவதற்குத் தோதான இடத்தில் இருப்பாள். தாய்மாமனாகத் தன்னால் கொடுக்க முடிந்த கடைசிச் சீர் இதுதான் என்று தோன்றியது. அவளை ஏற்றுவதற்கு மூன்று பேர் பட்ட பாடும் கூடவே கண்ணில் வந்தது. தண்ணீரில் விழுந்தால் அவளை அந்த வழியாக யார் இறக்குவது?

விமானத்தின் வலப்பக்கம் போய், அவசரக் கதவின் வெளிப்பிடியைத் திருப்பினான். வாராவாரம் எண்ணெய் கண்ட பூட்டு சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. கதவு கையோடு வந்தது. ஓட்டையை அடைத்துக்கொண்டு மரம் நின்றது. மூடிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி. அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தான். முன்னிருக்கையில் அக்கா பட்டையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் துக்கத்துக்குச் சுற்றிய பெரிய பாய் விறைத்து நின்று, அவளைப் பாதி மறைத்தது. கையில் ஓலை விசிறி.

"அக்கா."

அவள் திரும்பவில்லை. அவன் குரல் அவளுக்கு அவ்வளவு பழக்கமில்லை.

"அக்கா, நீ இறங்கணும்."

"லூபே சொன்னாளே."

"அவ சரியாச் சொல்லல. நீ இன்னைக்குப் போக முடியாதுக்கா. அவன் மட்டும்தான் போகணும். இந்தப் பொட்டி கதவ மறைச்சிருச்சு. எதாவது ஆச்சுன்னா உன்னால வெளிய வர முடியாது."

லோசலினே விசிறியை மடியில் வைத்தாள். அவள் பேச்சில் கோபம் இல்லை. அது இருந்தால்கூடத் தேவலை என்று கெலேபிக்கு இருந்தது.

"நான் வெளிய வரணும்னு உனக்கு யாரு சொன்னா?"

இருபது வருஷத்தில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. ரப்பர், பூட்டு, ஒளிரும் எழுத்து என்று அத்தனை விதிகளையும் எழுதியவர்கள், உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே வர ஆசை இருக்கும் என்பதை மட்டும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"விழுந்தா அவனோட விழுறேன் கெலேபி. எனக்கு எதுக்குடா வாசல்?"

அவன் விரல் பழக்கதோஷத்தில் ஓட்டையின் விளிம்பில் உப்பைத் தேடியது.

"இது புத்தகத்துல போட்டிருக்கா?" என்றாள் அவள்.

போட்டிருக்கிறது என்று சொன்னால் போதும். பழி யாரோ முகம் தெரியாதவர்கள்மேல் போய்விடும். அவளும் தலையசைத்துவிட்டு இறங்குவாள், இருவரும் கௌரவமாக வீடு திரும்பலாம். அவன் வாய் அதற்குத்தான் திறந்தது.

"போட்டிருக்கு. ஆனா இப்போ சொல்றது நான்தான்க்கா. எனக்கு நீ வெளிய வரணும்."

தன் குரலா அது என்றிருந்தது. "அவன் எங்கிட்டருந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான்க்கா. நான் ஒண்ணும் சொல்லல. உன்ன எடுத்துக்கிட்டுப் போக மட்டும் விட மாட்டேன். இல்ல. முடியாது."

சொல்லிவிட்டான். சற்றுத் தள்ளி, வழியனுப்ப வந்த உறவுக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி 'இல்லை' என்று சொன்னதை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கீழே பார்த்தார்.

லோசலினே அந்த ஒரு சாண் இடைவெளி வழியாக அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். பிறகு இடுப்புப் பட்டையின் கொக்கியைத் தடவினாள். திறக்கத் தெரியவில்லை. கெலேபிக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கத் தெரியும். ஆனால் அக்காவின் மேல் கை படக் கூடாது. "லூபே!" என்று கத்தினான். லூபே விமானியின் கதவு வழியாகத் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் ஏறி, கொக்கியை விடுவித்தாள்.

இறங்குவதற்கு முன் லோசலினே கை நீட்டி, பெட்டியின் மூடிமேல் தன் விசிறியை வைத்தாள்.

"அவன் போகட்டும். நாளைக்கு சர்ச் மணி அடிக்கும்போது அவன் ஊர்லயே இருக்கட்டும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

கெலேபி கதவைத் திரும்ப மாட்டினான். பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தான், விழுந்திருந்தும் இன்னொரு முறை இழுத்தான். கையெழுத்துப் போட்டான். பயணிகள் என்ற இடத்தில் ஒருவரும் இல்லை. கிரகாம் காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

விமானம் புல்லையெல்லாம் படுக்க வைத்துவிட்டு ஓடி, எழுந்தது. உறவுக்காரர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து மெதுவாகப் பாட ஆரம்பித்தார்கள். லோசலினே உட்காரவில்லை. அவர்களை விட்டுத் தள்ளி, வேலி ஓரத்தில், வெட்டவெளியில் வடக்கே பார்த்து நின்றாள். மேற்கு வெயில் அவள் முகத்தின் ஒரு பக்கத்தில் முழுசாக அடித்தது. பக்கத்தில் போகலாமா என்று லூபே கண்ணால் கேட்டாள். கெலேபி வேண்டாம் என்று தலையாட்டினான்.

அவனும் போகக் கூடாது. இனிமேல் எவ்வளவு நாளைக்குப் போகக் கூடாதோ. ஆனாலும் நடந்தான். தம்பி நிற்கலாம் என்று ஊர் ஒப்புக்கொள்கிற தூரத்தில், அவளுக்கு மேற்கே போய், அவளைப் பார்க்காமல், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவனுடைய அகலமான நிழல் புல்லின்மேல் நீண்டு போய், அவள் பாதத்தைத் தொட்டது, பாயின் மேல் ஏறியது, கடைசியில் முகம் வரை போய் வெயிலை மறைத்தது. அக்காவின்மேல் தம்பியின் நிழல் படலாமா கூடாதா என்பது அவனுக்குத் தெரியவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லித்தந்ததில்லை.

விமானம் ஒரு புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. சூரியன் இறங்க இறங்க நிழல் மெல்ல விலகியது. அவன் ஓர் அடி எடுத்து வைத்து அதைச் சரிசெய்தான். அவள் நகரவில்லை.