தோ இன்ஹேயின் எடை

சட்டம் படிக்க வந்த ஒன்பதாவது ஆண்டில் தோ இன்ஹேயின் எடை முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ. தலைநகரில் சில்லிம் மேட்டின் அடிவாரத்தில் பழைய இரும்பு வாங்குகிறவரின் தராசில் நிறுத்துப் பார்த்தது. அந்தத் தராசை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆள் என்னவோ ஒல்லிதான். இருபத்தெட்டு வயதிலும் பள்ளிக்கூடத்துப் பெண்கள் போடும் கோட்டு அவளுக்குச் சரியாக இருந்தது. அந்த மேடு முழுக்க நீதித்துறைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள்தான். கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும் அறைகளில் ஆண்டுக்கணக்காகக் கிடப்பார்கள். நூறு பேரில் மூன்று பேர் தேறிப் போவார்கள், மற்றவர்கள் மறுபடியும் புத்தகத்தைத் திறப்பார்கள். அந்தக் காலத்தில் இந்தத் தேர்வுக்குப் பட்டம் கேட்க மாட்டார்கள். அதனால்தான் ஹ்வாசோக் என்ற மலையூரிலிருந்து ஒரு பெட்டியோடு இன்ஹே அங்கே வர முடிந்தது. தங்கும் விடுதி நடத்திய பாங் மல்சுன் அம்மாளை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஹே காலையில் சித்தியின் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக் கொடுத்து, அதற்கு ஈடாக ஓர் அறையில் இருந்துகொண்டாள்.

எதற்காகச் சட்டம் என்ற பேச்சு சாப்பாட்டு மேசையில் அடிக்கடி வரும். ஒருவனுக்கு அம்மாவின் நேர்த்திக்கடன். இன்னொருவனுக்குத் தேறினால்தான் பெண் கொடுப்பேன் என்று மாமனாராகப் போகிறவர் சொல்லியிருந்தார். கூ பொன்தே என்ற பருமனான ஆள், "எங்க ஊர் போலீஸ்காரன் எனக்கு முதல்ல வணக்கம் வைக்கணும். அதுக்கப்புறம் நான் செத்தாலும் சரி" என்றான். "உனக்கு என்னம்மா?" என்று சித்தி கேட்டதற்கு இன்ஹே முள்ளங்கிச் சாறை உறிஞ்சி முடித்துவிட்டு, "ஒரு வக்கீல் இருக்காரு சித்தி. அவரைப் பாக்கப் போகணும்" என்றாள். "பாக்கறதுக்கு எதுக்குடி தேர்வு? பஸ் போதுமே" என்று பொன்தே சிரித்தான். குற்ற நடைமுறைச் சட்டத்தின் முதல் நூறு பிரிவுகளை அவள் மனப்பாடம் செய்து முடித்த வாரத்தில் கட்டில் ஒடிந்தது. அடுத்த நூறில் அறையின் பலகைத் தரை உள்வாங்கியது. மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, கொஞ்சம் இரத்தச்சோகை என்றார். அதே பிரிவுகளைத் தலைகீழாக ஒப்பிக்கும் பொன்தேவுக்கோ நாளுக்கு நாள் இளைத்து இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. சித்தி இரண்டு பேரையும் பார்த்து, "அவன் வாயில வெச்சுப் படிக்கிறான். இவ வயித்துல வெச்சுப் படிக்கிறா" என்று சொல்லிவிட்டு, இன்ஹேயைக் கீழ்த்தளத்துச் சிமெண்டு அறைக்கு மாற்றினார். கோடையில் அவள் நடந்த தார்ச்சாலையில் செருப்புத் தடம் விழும். மழை பெய்தால் குருவிகள் அதில் குளிக்கும்.

அந்த வக்கீலின் பெயர் மேங் கியூசிக். எண்பத்து மூன்றாம் ஆண்டில் ஹ்வாசோக்கின் கல் குவாரியில் வெடிமருந்துக் கொட்டகை எரிந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். கொட்டகையை ஒட்டி அடுப்பு மூட்டச் சொன்னது குவாரி முதலாளி. கைதானது அன்று காவலுக்கிருந்த கல்லுடைக்கும் தொழிலாளி தோ சாங்பே, இன்ஹேயின் அப்பா. அவருக்காக வாதாட வந்த மேங் கியூசிக், நான்தான் தீ வைத்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டதாக, கையெழுத்துக்குப் பதில் அவர் பெயர் செதுக்கிய முத்திரை குத்திய ஒரு தாளை நீதிமன்றத்தில் கொடுத்தார். விசாரணை பதினோரு நிமிடத்தில் முடிந்தது. அப்பா வாயைத் திறந்தபோது மேங் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பன்னிரண்டு வயது இன்ஹே வெளியே படியில் மேங்கை மறித்து ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே, "சட்டம்னா படிச்சவங்க விவகாரம் பாப்பா. உங்கப்பாவுக்குக் கல்லு தெரியும், அதோட இருக்கட்டும்" என்றார். நான்காவது குளிர்காலத்தில் அப்பா சிறையிலேயே நெஞ்சுச் சளியில் இறந்தார். முதலாளியின் வழக்குகள் அத்தனையும் அதற்குப் பிறகு மேங்கிடம்தான் போயின.

இன்ஹே பத்தாவது முறை எழுதித் தேறினாள். பயிற்சியின் இரண்டு ஆண்டுகளும் மின்தூக்கியில் தனியாகவே போனாள். நல்ல மதிப்பெண், நீதிபதியாகலாம் என்றார்கள். வேண்டாம் என்று ஊருக்குத் திரும்பி வக்கீல் பலகை மாட்டினாள். முதல் வேலையாக அப்பாவின் வழக்குக் கட்டை நீதிமன்றக் கிடங்கிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கேட்டிருந்தால் குடும்பத்துக்கும் அதைக் காட்டியிருப்பார்கள், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அது தெரிவதற்குச் சட்டம் படிக்க வேண்டியிருந்தது. ஒப்புதல் தாளின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யாரோட முத்திரை? உங்கப்பா முத்திரை அன்னைக்கும் இந்த இழுப்பறையிலதானே கிடந்துச்சு" என்று எழுந்துபோய் எடுத்து வந்தார். இலந்தை மரம், மூலையில் சில்லு போனது. தாளில் இருந்த முத்திரைக்கு நான்கு மூலையும் நன்றாக இருந்தன. அம்மாவை அதுவரை யாரும் கேட்கவில்லை. அன்று ராத்திரிக்குள் இன்ஹேயின் எடை நானூற்று எழுபத்தொன்றைத் தொட்டதாகக் கருவாட்டுக் கடைத் தராசு சொன்னது.

மறுவிசாரணைக்கு மூன்று ஆண்டு ஆயிற்று. சாட்சியாக அழைக்கப்பட்ட மேங்குக்கு அப்போது அறுபத்தாறு வயது, வக்கீல் சங்கத்தின் தலைவர். இன்ஹே கேள்வி கேட்க எழுந்து நின்றதும் நீதிமன்றத்தின் பலகைத் தரை அவள் பக்கம் சரிந்தது. முதலில் பேனாக்கள் உருண்டன, பிறகு குமாஸ்தாவின் தண்ணீர்க் குடுவை வந்தது, அதன் பின்னால் மேங் நாற்காலியோடு வழுக்கிக்கொண்டே வந்து அவள் முழங்காலில் முட்டி நின்றார். நீதிபதி அதைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு, தொடரலாம் என்றார். "இந்த முத்திரையை எங்க செதுக்கினீங்க?" என்று இன்ஹே கேட்டாள். மேங் அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்திருந்த இலந்தை முத்திரையையும் பார்த்துவிட்டு, தபால் ஆபீசுக்குப் பின்னால் இருந்த கடையில் என்றார். தோ சாங்பே குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. வெளியே வந்ததும் மேங் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அமைதியாகச் சொன்னார்: "என்மேல வழக்குப் போடற காலமெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு வக்கீலம்மா. படிச்சிருப்பீங்களே." படித்திருந்தாள். எந்தப் பிரிவு, எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

மறுவாரமே அவள் தன் அலுவலகத்தை மேங்கின் அலுவலகத்துக்கு நேர் மேலே உள்ள மாடிக்கு மாற்றினாள். கட்டடம் கருவாடு விற்கும் ஒரு விதவையுடையது. எடையைப் பற்றி முன்கூட்டியே சொன்னபோது அந்த அம்மாள், "எவ்வளவு இருந்தா என்ன, குடி வாங்க. இருபது வருஷமா நான் வெச்ச வணக்கத்துக்கு அந்தாளு ஒரு தடவைகூடத் தலையாட்டினதில்ல" என்றார். இன்ஹே மேசையை மேங்கின் நாற்காலிக்குச் சரியாக மேலே போட்டு உட்கார்ந்தாள். ஏற்கெனவே தாழ்வாக இருந்த கூரை மாதம் ஒரு விரற்கடை வீதம் இறங்கியது. மேங் முதலில் தொப்பியைக் கழற்றினார், பிறகு கழுத்தை மடக்கினார். ஒரு கல்லுடைக்கிறவன் மகளுக்காக முப்பது வருஷ இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்று தேநீர்க்கடையில் சொன்னார். வழக்கும் போட்டார். வாடகைக்கு இருப்பவர் இத்தனை கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று எந்தப் பிரிவில் உள்ளது என நீதிபதி கேட்டார், அப்படி ஒரு பிரிவு இல்லை. இரண்டாம் ஆண்டில் கட்சிக்காரர்கள் வாசலில் குனிந்து பார்த்துவிட்டுப் படியேறி இன்ஹேயிடம் போனார்கள். மூன்றாம் ஆண்டில் மேங் நான்கு காலில் உள்ளே போய் நான்கு காலில் வெளியே வந்தார். குவாரி முதலாளியின் மகன்கூட வேறு வக்கீல் பார்த்துக்கொண்டான். ஒரு பனிக்கால மதியம் மேங் வாசலில் கையூன்றியபடி மாடிப் பக்கம் பார்த்து, "உனக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினார். இன்ஹே சன்னலைத் திறந்து, "எனக்கு ஒண்ணும் வேண்டாம். எங்கம்மா வீட்லதான் இருக்காங்க" என்று சொல்லி மூடினாள்.

மேங் மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போனார். அம்மா தரையில் உட்கார்ந்து முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தார். மேங் எதிரே மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையும் நெற்றியும் தரையில் பட விழுந்து, "உங்க வீட்டுக்காரர் நெருப்பு வைக்கல. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். அம்மா கத்தியை நிறுத்தவில்லை. வாசலில் நின்ற மகளைப் பார்த்து, "இவரு சொல்லி முடிச்சாச்சா?" என்று கேட்டார். "ஆச்சும்மா." "சரி. நான் சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்." முள்ளங்கியை உப்பில் போட்டார், சந்தைக்குப் போய்வந்தார், சோறு வைத்து மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பாத்திரம் கழுவினார். தெரு விளக்கு எரிந்த பிறகுதான் எழுந்திருக்கலாம் என்றார். அதற்குள் முதுகு அப்படியே நிலைத்துவிட்டது. மேங் அதன் பிறகு ஒன்பது ஆண்டு உயிரோடு இருந்தார். ஊரில் யார் எதிரே வந்தாலும் அவர்தான் முதலில் குனிந்திருந்தார். கருவாட்டுக்காரம்மாள் மட்டும் தினமும் மெனக்கெட்டுத் தெருவைக் கடந்து அவர் எதிரே போவார்.

இன்ஹேயின் எடை நானூற்று எழுபத்தொன்றிலேயே நின்றது. குறையும் என்று அம்மா எதிர்பார்த்தார், குறையவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி வந்து, "சட்டம் படிச்சா பிரயோஜனம் இருக்கா அக்கா?" என்று கேட்டபோது, "இருக்கு. தரைத்தளத்துல ரூம் எடுத்துக்கோ" என்றாள். அடுத்த வசந்தத்தில் ஹ்வாசோக் நகராட்சி அவள் வீட்டிலிருந்து நீதிமன்றம் வரையிலான நடைபாதையை மட்டும் இரண்டு மடங்கு கனத்தில் சிமெண்டு போட்டுக் கொடுத்தது. பதிவேட்டில் சாலைப் பராமரிப்பு என்று இருக்கிறது.