சரோஜம்மாள் வீட்டுச் சுவர்

மத்திகிரியில் சரோஜம்மாள் வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் சாய்ந்தவர்கள் எல்லோரும் கோஷம் போட்டார்கள். லேசாகச் சாய்ந்தால் போன தேர்தல் கோஷம், அழுத்திச் சாய்ந்தால் அதற்கும் முந்தைய வருடங்களுடையது. எழுபது வருடமாக எந்தக் கட்சியும் அங்கே பழைய எழுத்தைச் சுரண்டியதில்லை. ஒவ்வொன்றும் மேலேயே சுண்ணாம்பு அடித்து, மூலையில் வருடம் போட்டு ‘ரிசர்வ்’ என்று எழுதிவிட்டுத் தன் கோஷத்தை எழுதியது. சுவர் மூன்றடி தடித்துத் தெருவுக்கு வந்துவிட்டது. டவுன் பஸ் டிரைவர்கள் அந்த இடத்தில் ஒடித்துத் திருப்பப் பழகிக்கொண்டார்கள்.

அடி எழுத்து ஐம்பத்திரண்டாம் வருடத்தது. எழுதியது சாவிச் சின்னக் கட்சி, அப்போது அது பிரியாமல் ஒன்றாக இருந்தது. கூலி உயர்வைச் சட்டசபையில் கேட்பதா, மில் வாசலில் உட்கார்ந்து கேட்பதா என்று அறுபத்தெட்டில் மூன்று நாள் பேசி, மிதவாதச் சாவி, தீவிரச் சாவி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். தீவிரச் சாவி பிறகு மூன்றாக உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. மிதவாதச் சாவி உடையவே இல்லை, ஒரே நாற்காலியில் நான்கு தலைவர்களை உட்கார வைத்தது. இதில் வேடிக்கை, ஜூஜுவாடி எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் இரண்டும் ஒரே கூட்டணி. அத்திப்பள்ளியில் சேர்ந்து டீ குடித்தவர்கள் இந்தப் பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பம்ப் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்த ராசாத்தியும் இன்னும் நூற்றுப் பதினொரு பெண்களும் நிரந்தர வேலை கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சாவிக் கட்சிகளின் தொழிற்சங்கமும் சேர்ந்து பேச வராவிட்டால் அத்தனை பேரையும் நிறுத்திவிடுவதாகக் கம்பெனி சொன்னது. மிதவாதச் சங்கத் தலைவர் கமலக்கண்ணனிடமும் தீவிரச் சங்கத் தலைவர் கோவிந்தப்பனிடமும் ராசாத்தி நடையாய் நடந்தாள். “அவரு வந்தா நான் வரமாட்டேம்மா” என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் சுவருக்கு முன்னால் மல்லுக்கு நின்றார்கள். அடுத்த தேர்தலுக்கு அந்தச் சுவரைத் தருவதாக ஒருவருக்குத் தமிழிலும் மற்றவருக்குக் கன்னடத்திலும் வாக்குக் கொடுத்திருந்தாள் சரோஜம்மாள். “ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்கதானே” என்றாள். ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்கள் கூடிவிட்டார்கள். “அண்ணா, பஸ் வருது, ஒதுங்குங்க!” என்று ராசாத்தி இருவர் நெஞ்சிலும் கை வைத்து, ஒன்பது வருடத்துப் பலத்தையும் சேர்த்துச் சுவரோடு தள்ளினாள். சுவர் ஐம்பத்திரண்டாம் வருட எழுத்து வரை அமுங்கியது.

“உழைச்சவனுக்கே வேலை சொந்தம்!” இரண்டு தொண்டையிலும் ஒரே குரல். அடடா, அதைக் கேட்டவர்கள் கொடுத்து வைத்தவர்கள்! நிறுத்த நினைத்தும் அவர்களால் முடியவில்லை. பெண்கள் இருவரையும் நடுவில் விட்டுக் கம்பெனி வாசலுக்கு நடந்தார்கள், வழியில் ஆட்டோக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு ஆர்டரிலும் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கையெழுத்தோடு கோஷம் நின்றது. மறு நிமிடமே வெற்றி பேனரில் யார் படம் முதலில் என்று தலைவர்கள் சண்டையைத் தொடங்கினார்கள். ராசாத்தி ஆர்டரை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள்.

அடுத்த வாரத்திலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் உள்ள காண்ட்ராக்ட் ஆட்கள் தங்கள் தலைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து சுவர் முன்னால் வரிசையில் நின்றார்கள். சரோஜம்மாள் டோக்கன் கொடுத்தாள். தள்ளுகிற பொறுப்பு ராசாத்திக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், மற்ற நாட்களில் அவளுக்கு வேலை இருந்தது.