கழுத்து நிமிராத பொம்மை

நீள மேசையின் தலைமாட்டில் கல்லூரி முதல்வர். அவருக்கு வலப்பக்கம் அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ். இடப்பக்கம் விபத்துச் சிகிச்சை வகுப்பெடுக்கும் டாக்டரம்மா. கதவோரம், இறந்துபோன பெயின்டரின் மச்சான்; நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் எதிரே நான்காம் ஆண்டு மாணவன். அவனையும் உட்காரச் சொன்னார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

பஸ் கவிழ்ந்த அன்று, அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரி முற்றம் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். யாரை முதலில் உள்ளே எடுப்பது என்று பிரித்து, கையில் வண்ணப் பட்டை கட்டுவது மாணவர்களின் வேலை. மூச்சில்லாமல் கிடந்த பெயின்டருக்கு இவன் கறுப்புப் பட்டை கட்டினான். ஆள் இறந்தாயிற்று என்று அர்த்தம். அடுத்தவரிடம் போய்விட்டான். பிறகு முகத்தை மூட வந்த நர்ஸ் தாடையைத் தூக்கியதும் களகளவென்று மூச்சு வந்தது. நாக்கு உள்ளே சரிந்து தொண்டையை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் மூளை மீளாதபடி கெட்டுவிட்டது. இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

“தாடையைத் தூக்கிப் பாத்துட்டுதானே கறுப்பு கட்டணும்? பாத்தியா?” என்றார் முதல்வர்.

“சொன்னேன் சார்.”

“பாத்தியான்னு கேட்டேன்.”

“‘தாடையைத் தூக்கியாச்சு, மூச்சு இல்லை’ன்னு சத்தமா சொன்னேன் சார். கை போகல.”

“ஆமா, என் காதுலயும் விழுந்துச்சு,” என்றார் நர்ஸ். “செஞ்சுட்டுதான் சொல்றான்னு நினைச்சேன்.”

“பிரமாதம். நாளைக்கு ஆபரேஷனையும் வாயாலயே முடிச்சிடுவீங்க.” முதல்வர் இடப்பக்கம் திரும்பினார். “இவனை வீட்டுக்கு அனுப்பிடலாம். டாக்டரம்மா, நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க.”

டாக்டரம்மா பேனாவை எடுக்கவில்லை. முதலுதவி பழக வகுப்பில் இருப்பது ஆள் அளவில் ஒரே பொம்மை. பிள்ளைகள் அதை ‘மாமா’ என்பார்கள். துருப்பிடித்துக் கழுத்து இறுகிப்போனதால் தலை நிமிராது, தாடை அசையாது. “மாமாவுக்குச் சுளுக்கு, மேடம்” என்று சிரிப்பார்கள். “சரி, வாயால சொல்லிட்டு அடுத்ததுக்குப் போ” என்று அவரும் சிரிப்பார். சொன்னால் மார்க். இவன் முழு மார்க் வாங்கியவன்.

அவனே சொல்லிவிடுவான் என்று காத்திருந்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் வாயைத் திறக்காவிட்டால் அவன் படிப்பு போகும். திறந்தால் இவர் வேலை.

“நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செஞ்சிருக்கான் சார்,” என்று தொடங்கி, பொம்மையின் கதையை ஒன்று விடாமல் சொன்னார்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். “யோசிச்சுப் பேசுங்க. இதைக் காகிதத்துல போட்டா விசாரணைல நீங்களும் அவன் பக்கத்துல நிக்கணும்.”

“தெரியும் சார். போடுறேன்.”

கதவோரம் இருந்த மச்சான் எழுந்து நின்றார். “நீங்க யாரை அனுப்பினாலும் எங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க. ‘கொண்டாந்தப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா’ன்னு என் தங்கச்சி கேட்டுக்கிட்டே இருக்கு. நான் போய்ச் சொன்னா உளறிடுவேன். நீங்க எழுதிக் குடுங்கம்மா.”

டாக்டரம்மா அங்கேயே எழுதினார். ‘அம்மா, உங்கள் கணவரைக் கொண்டுவந்தபோது அவருக்கு உயிர் இருந்தது’ என்ற முதல் வரியோடு பேனா சற்று நின்றது. பிறகு நிற்கவில்லை. முடித்ததும் மாணவன் கை நீட்டினான். அவர் தாளை அவன் பக்கம் தள்ளினார். அவர் பெயருக்குக் கீழே அவனும் கையெழுத்துப் போட்டான்.

“எனக்கும் ஒரு பிரதி வேணும்,” என்றார் முதல்வர், யாரையும் பார்க்காமல்.

பிரதி எடுத்ததும் டாக்டரம்மா கடிதத்தை உறையில் போட்டுப் பசை தடவி, ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினார். மச்சான் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.