தலைவரின் சுடுதண்ணிப் போத்தல்

தலைவர் பரமலிங்கத்தாரின் உடம்புக்கு ஒரு விசேஷம் உண்டு. மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வீட்டு வாசலை மிதிக்க வேண்டி வந்தால்தான் அதற்கு நோய் வருத்தம் வரும். அப்படி வந்தவர்களில் ஒருத்தியான கமலாட்சி இதை நன்றாகக் கவனித்து வைத்திருந்தாள்.

புளியங்குளத்துப் பக்கம் ஒற்றுமைக் குழுவைத் தொடங்கியவரே அவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிறவர்கள், பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள், கமலாட்சியின் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வறுமையை விரட்ட வேண்டும் என்று மேசையில் தட்டிப் பேசுவார். சட்டமும் அவரே போட்டார். கூட்டம் வீடு மாறி வீடு நடக்கும். எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்ட பிறகுதான் கூட்டம் முடியும். அடுத்த கூட்டம்வரை குழுவின் தண்ணீர் இறைப்பு மிசின் அந்த வீட்டுப் பக்கம் நிற்கும்.

நல்ல சட்டம்தான். ஆனால் கமலாட்சியின் முறை வரும்போதெல்லாம் தலைவருக்குச் சீனி வருத்தம் வந்தது, வாய்வு வந்தது, எந்தச் சாமிக்கென்று தெரியாத விரதமும் வந்தது. கூட்டம் தள்ளிப்போனது, மிசினும் தள்ளிப்போனது. அவளுடைய மிளகாய்க் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. சீக்கிரம் தண்ணீர் காட்டாவிட்டால் பிடுங்கி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

சோமரத்ன வீட்டுக் கூட்டத்தில் தலைவர் பாற்சோறான கிரிபத்தை இரண்டாம் முறையும் வாங்கி, சம்பலைத் தாராளமாக வைத்து ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். கமலாட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிங்களவர் வீட்டில் செரிக்கிற வயிறு, தமிழ் பேசுகிற தன் வீட்டில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? ஆனாலும் சிரித்த முகத்தோடுதான் எழுந்தாள்.

"ஐயாவுக்கு ஒடம்பு நல்லாயிருச்சு போல, சந்தோசம். அப்ப வர்ற ஞாயிறு நம்ம வீட்டுலதான் கூட்டம்."

தலைவரின் வாய் நிறையச் சோறு. தலையை ஆட்டத்தான் முடிந்தது.

ஞாயிறு மனைவி நேசமலரோடு வந்தார். கக்கத்தில் ஒரு சுடுதண்ணிப் போத்தல், தேநீர் ஆறாமல் வைக்கிற குடுவை. கூட்டம் பேசி முடிந்ததும் கமலாட்சி ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. கண்டபடி சாப்பிட வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர். நான் கொண்டந்ததைக் குடிப்பன்."

"அய்யோ பாவம்! அப்ப யாரும் சாப்பிட வேணாம். ஐயாவுக்குச் சொகமாகுற வரைக்கும் கூட்டம் முடியாது. சட்டம் ஐயா போட்டதுதானே?"

ரொட்டியை மூடிவைத்துவிட்டுச் சம்மணம் கட்டி உட்கார்ந்தாள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வெயில் ஏறியது. சோமரத்ன மூடிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவர், எனக்குப் பசி" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

நேசமலருக்குப் பொறுமை போய்விட்டது. தட்டை இழுத்து ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"எங்கட வயல்ல நாத்து நடுறதும் அரிவு வெட்டுறதும் இவையின்ர கைதான். அந்தச் சோறு உங்களுக்கு எப்பவாவது செமிக்காமல் விட்டதோ?"

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தப்ப வழியில்லை. ஒரு துண்டு தின்றார். பிறகு ஒரு முழு ரொட்டி. இன்னொன்றைத் தானாகவே எடுத்தபோது நெற்றியில் வியர்வை ஓடியது.

"சம்பலுக்கு உறைப்புக் காணாது, இன்னும் மிளகாய் போட்டிருக்கலாம்" என்றார்.

சபை வெடித்துச் சிரித்தது. வழிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கலாமென்று கமலாட்சி போத்தலைத் திறந்தாள். உள்ளே ஒரு சொட்டும் இல்லை; வெறும் போத்தலைத்தான் சாக்குக்குக் கொண்டுவந்திருந்தார். இவ்வளவு நேரமும் மனிதர் தாகத்தோடு இருந்திருக்கிறார், அவள் வீட்டுப் பானையைத் தொடக்கூடாதென்று. கமலாட்சியின் சிரிப்பு அடங்கிப்போனது.

"ஐயா, இதுவும் என் மெளகாத் தோட்டம் மாதிரி காஞ்சு கெடக்கே."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மிசின் இண்டைக்கே வரும், பிள்ளை."

"வரட்டுங்க. போத்தல் இங்கயே இருக்கட்டும். மிசினோட வந்து, நம்ம வீட்டுத் தேத்தண்ணிய இங்கயே குடிச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

பின்னேரம் மிசின் வந்தது. பின்னாலேயே தலைவரும் வந்தார், தேநீர் குடிக்க.